மறு: 911 காரின் புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் தகரக் கூட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாட்களாக எல்லோருடைய மடல்களையும் படித்தும் பதில் எழுத முடியவில்லை. போர்ஷ் 911 காரின் புகைக்குழாய்களைச் சுற்றி நின்று, அவற்றின் சூட்டால் காருக்குள் போகும் காற்றைச் சூடாக்கும் தகரக் கூட்டுக்குத்தானே நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்? அதே பாகத்தைத்தான் கராஜில் ஒரு காருக்குப் பொருத்திக்கொண்டிருந்தேன். நேற்று மாலை வேலை முடிந்தது.

> வெப்பப் பரிமாற்றி என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. இன்னொரு சொல் எதற்கு?

சென்னை ஐயாவின் கேள்வி நியாயமானது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து மின்னிலையம் வரை, ஒன்றின் சூட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் எல்லாவற்றுக்கும் அது பொதுச்சொல்லாக இருக்கட்டும். நான் கேட்பது ஓர் இனத்தின் பெயரை அல்ல, ஒரு பாகத்தின் பெயரை. ஊர்தி என்ற சொல் இருந்தும் பஸ்ஸுக்கும் லொறிக்கும் தனித்தனியே பெயர் வைத்திருக்கிறோம் அல்லவா?

பெயர் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் வேலை பழகும் பையன் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, நல்ல கூர்மையானவன். அவனுக்காக எழுதிவரும் குறிப்பேட்டில் 'வெப்பப் பரிமாற்றி' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "மாமா, அப்படியென்றால் புகை உள்ளே வந்து காற்று வெளியே போகுமா?" என்று கேட்டான். அவன்மேல் பிழை இல்லை. பரிமாற்றம் என்றால் கொடுத்து வாங்குவது என்றுதானே அவன் அறிந்திருக்கிறான்? ஆனால் இந்தப் பாகத்தில் புகையும் காற்றும் ஒருபோதும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் உயிருக்கு ஆபத்து. அந்த உண்மையை மறைக்கிற சொல்லை ஒரு பழகுநரின் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் காரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். போர்ஷ் 911 முதன்முதலில் 1963இல் பிராங்போர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் வைக்கப்பட்டது. அன்று முதல் 1990களின் பிற்பகுதி வரை வந்த 911 களில் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது. ஒரு பெரிய விசிறி வீசும் காற்றுத்தான் குளிர்விக்கிறது. மற்றக் கார்களில் எஞ்சினைச் சுற்றிவரும் சுடுநீரைக் கொண்டு உள்ளே வெப்பம் தருவார்கள். இதில் அந்த நீர் இல்லாததால் புகைக்குழாயின் சூட்டையே எடுத்துக்கொள்கிறார்கள். பின்புறத்தில் படுத்திருக்கும் எஞ்சினில் பக்கத்துக்கு மூன்று சிலிண்டர்கள். அந்த மூன்றிலிருந்தும் வரும் குழாய்களை ஒரு தகரக் கூடு மூடியிருக்கும். விசிறிக் காற்றில் ஒரு பங்கு இந்தக் கூட்டுக்குள் நுழைந்து, குழாய்களின் வெளிப்புறத்தைத் தடவிச் சூடேறி, கதவடியில் உள்ள பெட்டிபோன்ற வழியாக ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போகிறது.

இப்போது வந்திருப்பது 1979ஆம் ஆண்டுக் கார், எஸ்.சி. வகை. நெடுங்காலம் கொழும்பில் ஓடியது. அங்கே இந்தச் சூடு யாருக்குத் தேவை? முன்பு வைத்திருந்தவர் கூடுகள் இரண்டையும் கழற்றிவிட்டு வெறுங்குழாய்களைப் பூட்டியிருந்தார். பாரம் குறையும், சத்தமும் கம்பீரமாக இருக்கும். ஆனால் கார் நுவரெலியாவுக்கு வந்துவிட்டது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். சனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்வெளியில் துகள் உறைபனி படியும் ஊர். குளிரையாவது கம்பளி போர்த்திச் சமாளிக்கலாம், கண்ணாடியை என்ன செய்வது? உள்ளே இருப்பவரின் மூச்சுப் பட்டே வெளுத்துவிடும். நானுஓயாப் பக்கம் இறங்கும் வளைவுகளில் ஒரு கையால் துடைத்துக்கொண்டு மறு கையால் ஓட்டியதாக உரிமையாளர் சொன்னபோது எனக்கே நெஞ்சு பதறியது.

அந்த வெறுங்குழாய்களைக் கழற்றுவதுதான் பெரிய வேலை. சிலிண்டருக்கு இரண்டாகப் பன்னிரண்டு நட்டுகள். நட்டுகள் ஏறும் திருகுத் தண்டுகளான உருக்கு ஸ்டட்டுகள் அலுமினியச் சிலிண்டர்த் தலைக்குள் பல்லாண்டுச் சூட்டில் இறுகிப்போய் நிற்கும். அவசரப்பட்டுத் திருகினால் முறிந்துவிடும், பிறகு தலையைத் துளையிட்டுத்தான் மீட்க வேண்டும். இரண்டு நாட்கள் எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். நட்டைக் காஸ் சுவாலையில் சூடாக்கி, கால் சுற்று தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுத்தேன். ஒன்றுகூட முறியவில்லை. பையன் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான்.

புதிதாகப் பூட்டியவை துருப்பிடிக்காத உருக்கில் செய்த, முந்திய அமைப்புக் கூடுகள். எழுபதுகளின் நடுப்பகுதிக்கு முன் வந்த 911 களில் இருந்த அமைப்பு இது. குழாய்கள் ஏறக்குறைய ஒரே நீளமாக இருப்பதால் புகை தடையின்றிப் போகும். இதில் பக்கத்துக்கு ஒரு குழாயாகப் புகை வருவதால் சைலன்சருக்கு இரண்டு வாய்கள் வேண்டும். பிந்திய அமைப்பில் இரு பக்கப் புகையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வாயில் நுழையும். ஆகவே கூட்டை மாற்றினால் சைலன்சரையும் மாற்றியே ஆக வேண்டும்.

பிந்திய ஆண்டுக் காரில் முந்திய ஆண்டுப் பாகத்தைப் பூட்டும் இந்த வேலைக்குக் கொழும்புத் தம்பி 'பின்தேதியிடல்' என்று எழுதியிருந்தார். தம்பி, அது காசோலைக்குப் பொருந்தும், காருக்குப் பொருந்தாது. 'பழைய பாகம்' என்றும் சொல்ல முடியாது, உதிரிப்பாகக் கடையில் அதற்குப் பாவித்தது என்று பொருள். 'மூத்த பாகம் பொருத்துதல்' என்று நான் எழுதுகிறேன். பாகம் புத்தம் புதிதாக இருக்கலாம், அதன் அமைப்பு மூத்தது.

இனிப் பெயருக்கு வருகிறேன். என் தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் பகுதியில் அடுப்புப் பார்த்தவர். அங்கே விறகு எரியும் புகை இரும்புக் குழாய்களுக்குள்ளாகப் போய்ப் புகைக்கூண்டில் ஏறிவிடும். குழாய்களின் வெளிப்புறத்தைத் தொட்டு வரும் சுத்தமான சூட்டுக் காற்று மட்டுமே தேயிலைக்குப் போகும். குழாயில் ஒரு வெடிப்பு விழுந்தால் போதும், தேயிலையில் புகைவாடை ஏறிவிடும். சுவை பார்ப்பவர் ஒரு வாயிலேயே கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார். இதைச் சொன்னவுடன் பையனுக்குக் காரின் பாகம் விளங்கிவிட்டது. காரில் உள்ள கூடுதல் ஆபத்தையும் சொன்னேன். அங்கே வாடை காட்டிக்கொடுக்கும், இங்கே புகையில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு மணமே கிடையாது. உள்ளே குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், மூடிய கண்ணாடிக்குள் இருப்பவர் தலைவலி என்று நினைத்துக்கொண்டே மயங்கிவிடுவார். அதனால் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு குழாயையும் விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் குறிப்பேட்டின் முதல் வரி.

ஆகவே சொல்லுக்கு இரண்டு உறுப்புகள் வேண்டும். எதற்காக என்பது ஒன்று, எந்த வடிவில் என்பது மற்றொன்று. முதலாவதற்குக் 'கணப்பு' என்பதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. குளிர்காயும் நெருப்பு என்பதே அதன் பொருள். இங்குள்ள பழைய துரை பங்களாக்களில் கணப்படுப்பு இல்லாத கூடம் அரிது. ஒருவர் 'தடவு' என்ற பழந்தமிழ்ச் சொல்லை நினைவூட்டியிருந்தார். அழகான சொல், ஆனால் இன்று படிப்பவர் எண்ணெய் தடவச் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார்.

யாழ்ப்பாணத்து அக்காவின் 'கணப்புறை'யை நான் உண்மையிலேயே விரும்பினேன். வாளுக்கு உறை போலக் குழாய்க்கு உறை. ஆனால் உரக்கச் சொல்லிப் பார்த்தபோது காதில் கண்புரை என்று விழுகிறது. அதோடு இந்த ஊரில் உறை என்றாலே உறைபனிதான் முதலில் நினைவுக்கு வரும். அக்கா மன்னிக்க வேண்டும்.

என் முன்மொழிவு: கணப்புக்கூடு. உள்ளே ஒன்று இருக்க, அதைச் சுற்றி இடைவெளி விட்டு நிற்பது கூடு. உறை ஒட்டிக்கொள்ளும், கூடு ஒட்டாது. அந்த இடைவெளியில்தான் காற்று ஓடுகிறது. பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் காரிலும் இதே வேலையைச் செய்யும் பாகம் இருப்பதால் அதற்கும் இந்தச் சொல் உதவும். சைலன்சரை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. எல்லா வாயிலும் பழகிவிட்ட சொல் அது.

இன்னும் ஒன்று பெயரில்லாமல் நிற்கிறது. கூட்டிலிருந்து வரும் சூட்டுக் காற்றை உள்ளே அனுப்புவதா, வெளியே விடுவதா என்று தீர்மானிக்கும் சிறு தகட்டுக் கதவு. இருக்கைகளுக்கு நடுவில் உள்ள நெம்புகோலை இழுத்தால் அது திறக்கும். குளத்து நீருக்கு மதகு இருப்பதுபோல இதைக் 'காற்றுமதகு' எனலாமா? வயல் பக்கத்திலிருந்து எழுதும் மட்டக்களப்பு நண்பர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை எழுத வேண்டும்.

அன்புடன்,
நுவரெலியாவிலிருந்து