மேட்ச் டிக்கெட் இல்லை, அட்லாண்டா ஃபைனலின் ரசிகர் விழாவுக்கு மட்டும் போகலாமா? (ஜனவரி 18–20, 2025)

கேள்வி: ஆல்ஃபரெட்டா அப்பா

வணக்கம். ஓஹையோ ஸ்டேட் – நோட்ர டேம் அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் ஃபைனல் 20ஆம் தேதி திங்கள் இரவு 7:30க்கு மெர்சிடிஸ்-பென்ஸ் ஸ்டேடியத்தில். டிக்கெட் விலை நம் கைக்கு எட்டாது, அந்த எண்ணமே இல்லை. அதற்கு முன்னால் மூன்று நாள் நடக்கும் விழாவுக்குக் குடும்பத்தோடு போனால், அலைச்சலுக்குத் தகுந்த பலன் இருக்குமா? பையனுக்கு 11 வயது, ஓஹையோ ஸ்டேட் என்றால் உயிர். மகளுக்கு 6. எந்த நாள் போவது, காரா மார்ட்டா ரயிலா? குளிர் கடுமையாக இருக்கும் என்கிறார்கள், செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடமும் உண்டு.

பதில் 1: நாலாவது டவுன்

தாராளமாகப் போங்கள். ஆனால் சனிக்கிழமை, அதுவும் கதவு திறக்கிற நேரத்துக்கு.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். "விழா" என்று எல்லாரும் சொல்வது ஒரே நிகழ்ச்சி அல்ல. ஜார்ஜியா வேர்ல்ட் காங்கிரஸ் சென்டருக்குள் நடப்பது ப்ளேஆஃப் ஃபேன் சென்ட்ரல். கூரைக்கு அடியில், இலவசம், குழந்தைகளுக்கு ஏற்றது. இசைக் கச்சேரிகள் தனி. காசு இல்லை என்றாலும் சீட்டை முன்கூட்டியே போனில் எடுத்து வைத்திருக்க வேண்டும். திங்கள் மாலை ஸ்டேடியத்தை ஒட்டி நடக்கும் டெயில்கேட், அதாவது மேட்சுக்கு முந்தைய கொண்டாட்டம், மேட்ச் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கானது. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு திங்கள் மாலை பிள்ளைகளோடு வருகிறவர்கள்தான் பாதுகாப்பு வேலிக்கு வெளியே குளிரில் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள்.

சனி காலை ஏன் என்றால், அரையிறுதிகள் முடிந்ததே 9, 10 தேதிகளில். இரு அணிகளின் ஊர்களான கொலம்பஸிலிருந்தும் சவுத் பெண்டிலிருந்தும் கிளம்புகிறவர்களுக்குப் பயணத்தை ஏற்பாடு செய்யக் கிடைத்தது பத்தே நாள். காரில் வருகிற கூட்டம் சனி சாயங்காலத்துக்கு மேல்தான் ஊருக்குள் இறங்கும். ஞாயிறு மதியம் உள்ளே நகர இடம் இருக்காது.

உள்ளே போனதும் கோப்பை வரிசைக்கு நேராகப் போங்கள். 26.5 அங்குல உயரம், 35 பவுண்டு எடை. 24 காரட் தங்கம், வெண்கலம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சேர்த்துச் செய்தது. எல்லாரும் படம் எடுத்துக்கொள்ள விரும்புவது அதோடுதான். அந்த வரிசை நேரம் ஆக ஆக நீளுமே தவிரக் குறையாது. ஒருவர் வரிசையில் நிற்க, இன்னொருவர் பிள்ளைகளை உதைக்கிற, எறிகிற விளையாட்டுகளுக்குக் கூட்டிப்போகலாம். முறை நெருங்கும்போது போனில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

விளையாட்டுகளுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்பார்கள். அரங்குக்குள் ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது சிக்னல் படுத்தும். அதிகாரபூர்வ செயலியை வீட்டு வைஃபையிலேயே இறக்கி, பிள்ளைகள் பெயரைப் பதிந்து, திரையில் வரும் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காலில் ஷூ கட்டாயம். செருப்பு போட்டு வந்தால் ஓட்டம், உதை இரண்டுக்கும் விடமாட்டார்கள்.

பதில் 2: மேளக்காரன்

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பையன் ஓஹையோ ஸ்டேட் பைத்தியம் என்றால், அந்த அணியின் பேண்டு வாசிக்கும் உற்சாகக் கூட்டம் எப்போது என்று அட்டவணையில் பார்த்து அதற்கேற்ப நாளை முடிவு செய்யுங்கள். பித்தளை வாத்தியமும் தாளமும் மட்டுமே கொண்ட பேண்டு அது. புல்லாங்குழல், கிளாரினெட் எதுவும் கிடையாது. மூடிய அரங்குக்குள் பத்தடி தூரத்தில் சூஸஃபோன் (உடம்பைச் சுற்றி மாட்டும் பெரிய பித்தளைக் குழல்) வரிசை ஊதும்போது நெஞ்சுக்கூடு அதிரும். டிவியில் அது வரவே வராது. ஆறு வயதுக் காதுக்கு மட்டும் ஒலி தடுக்கும் இயர்மஃப் ஒன்று வாங்கி வையுங்கள்.

மேடைக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றால், பேண்டு உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் உங்கள் முன்னால்தான். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பார்க்கக் கிடைப்பது அங்கேதான்.

பதில் 3: வடக்கு ஸ்பிரிங்ஸ்

கார் வேண்டவே வேண்டாம். டவுன்டவுனில் பார்க்கிங் கட்டணம் அந்த மூன்று நாளும் எகிறும், அதைவிட வெளியே வரும்போதுதான் உயிர் போகும்.

ஜிஏ 400 நெடுஞ்சாலையில் நேராக நார்த் ஸ்பிரிங்ஸ் மார்ட்டா நிலையம். முதல் 24 மணி நேரம் பார்க்கிங் இலவசம். சிவப்புத் தடத்தில் ஃபைவ் பாயின்ட்ஸ் வரை வந்து, மேற்கே போகும் நீலம் அல்லது பச்சையில் ஏறினால் அடுத்த நிலையமே இறங்க வேண்டியது. பழைய ஆட்கள் சிஎன்என் சென்டர் என்பார்கள், இப்போது பலகையில் எஸ்இசி டிஸ்ட்ரிக்ட் என்று இருக்கும். ஃபைவ் பாயின்ட்ஸ் நெரிசலைத் தவிர்க்க நினைத்தால் ஒரு நிலையம் முன்னாலேயே பீச்ட்ரீ சென்டரில் இறங்கி, சென்டினியல் ஒலிம்பிக் பார்க் வழியாகக் கால் மணி, இருபது நிமிட நடை. அங்கே எஸ்கலேட்டர் மிக நீளம், மகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செலவு (2025 ஜனவரி நிலவரம்): ஒரு வழி 2.50 டாலர், ஆளுக்கொரு ப்ரீஸ் கார்டு (மார்ட்டா பயண அட்டை) வேண்டும், கார்டு 2 டாலர். 46 அங்குலத்துக்கு மேல் போகாத குழந்தைகள் இருவர் வரை பெரியவரோடு இலவசம். ஆறு வயதுப் பிள்ளை சரியாக அந்த எல்லையில் இருக்கும், வீட்டிலேயே அளந்துவிடுங்கள். மகள் இலவசம் என்று வைத்தால் மூன்று கார்டு 6, போகவர 15, ஆக 21 டாலர். கார்டைக் கிளம்பும்போதே இரண்டு பயணத்துக்கும் நிரப்புங்கள். திரும்பும்போது மெஷின் முன்னால் நிற்கிற கூட்டத்தில் மாட்டவேண்டாம்.

தவறு நடக்கிற இடம் திரும்பும் பயணம். இரவு 9 மணிக்கு மேல் வழக்கமாகச் சிவப்பு ரயில் டவுன்டவுன் வரை வராது, லிண்ட்பெர்க் நிலையம் வரைதான். தங்கத் தடத்தில் ஏறி லிண்ட்பெர்க்கில் மாற வேண்டும். பெரிய நிகழ்ச்சிகளுக்கு இதை மாற்றுவார்கள், அன்றைய அறிவிப்பைப் பாருங்கள். தங்க ரயிலில் தூங்கிவிட்டால் அந்தத் தடத்தின் கடைசி நிலையமான டோராவில்லில் போய் நிற்பீர்கள். எட்டு மணிக்குள் ரயில் ஏறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பதில் 4: ஜன்னல் ஓரம்

எனக்கு மாற்றுக் கருத்து. பையனுக்கு வேண்டியது ஃபுட்பாலா, கூட்டமா என்று கேளுங்கள். ஃபுட்பால்தான் என்றால் அதே வளாகத்தை ஒட்டி காலேஜ் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது. முன்பு சவுத் பெண்டில், அதாவது நோட்ர டேமின் ஊரில் இருந்தது. 2014இல் அட்லாண்டாவுக்கு வந்தது. மூன்று மாடி உயரச் சுவர் முழுக்க எழுநூறுக்கும் மேற்பட்ட ஹெல்மெட்டுகள். நுழையும்போது உங்கள் அணியைப் பதிந்தால் அந்த ஹெல்மெட் மட்டும் ஒளிரும். 45 யார்டு உள்ளரங்கத் திடலில் பையன் தானே உதைத்துப் பார்க்கலாம். கட்டணம் உண்டு, ஆனால் வேறொரு சாதாரண வார இறுதியில் போனால் ஒரு விளையாட்டை நாலு தடவை ஆடலாம். ஃபேன் சென்ட்ரலில் ஒரு உதைக்கு அரைமணி நேரம் நிற்க நேரும்.

திங்கள் பற்றி ஒன்று. 2018 ஜனவரி 8, இதே ஸ்டேடியத்தில் அலபாமா – ஜார்ஜியா ஃபைனல். அதிபர் வந்ததால் பாதுகாப்புக் கெடுபிடி, டிக்கெட் வைத்திருந்தவர்களே குளிர் மழையில் நெடுநேரம் வெளியே நின்றார்கள். இம்முறை அதே திங்கள் வாஷிங்டனில் அதிபர் பதவியேற்பு, ஆகவே அந்தச் சிக்கல் வராது. ஆனாலும் வேலி, சோதனை எல்லாம் இருக்கும், ஆர்க்டிக் காற்று இறங்கி வெப்பம் உறைநிலைக்குக் கீழே போகும் என்கிறார்கள். டிக்கெட் இல்லாதவருக்குத் திங்கள் மாலை அங்கே வேலை இல்லை. விடுமுறை நாள்தான் என்று பிள்ளைகளை இழுத்துப் போகாதீர்கள்.

ஆல்ஃபரெட்டா அப்பா

எல்லாருக்கும் நன்றி. சனி காலை என்று முடிவு செய்துவிட்டோம். மூன்று சந்தேகம்: பை எப்படிக் கொண்டுபோவது, சாப்பாடு, கையெழுத்து. பழைய ஆட்டக்காரர்கள் வந்தால் கையெழுத்து வாங்கவேண்டும் என்கிறான் பையன்.

பதில் 5: நாலாவது டவுன்

பை: ஸ்டேடியம் விதியே விழாவுக்கும் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பை, 12க்கு 6க்கு 12 அங்குலத்துக்குள். இல்லையென்றால் ஒரு கேலன் ஜிப்லாக் பை போதும். கைப்பர்ஸ் 4.5க்கு 6.5 அங்குலத்துக்குள். முதுகுப்பையோடு வந்தால் திரும்பக் காருக்குப் போகச் சொல்வார்கள், உங்கள் கார் நார்த் ஸ்பிரிங்ஸில் இருக்கும். உள்ளே ஹீட்டர் இருப்பதால் ஜாக்கெட் சுமையாகிவிடும். தடிமனான ஒன்றுக்குப் பதில் மெல்லிய இரண்டு மூன்று அடுக்கு, மடித்து இடுப்பில் கட்டிக்கொள்ளலாம்.

சாப்பாடு: உள்ளே ஹாட் டாக், நாச்சோ வகையறாதான், விலையும் அதிகம். சைவம் என்றால் காலையில் வயிறு நிறைய இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுக் கிளம்பி, இரண்டு மணிக்குள் வெளியே வந்து சாப்பிடுங்கள். பழைய சிஎன்என் சென்டர் உணவரங்கை நம்பாதீர்கள், அங்கே புதுப்பிப்பு வேலை நடக்கிறது.

கையெழுத்து: இதைத்தான் பெரும்பாலானோர் கெடுத்துக்கொள்கிறார்கள். பழுப்புத் தோல் பந்தில் கறுப்பு ஷார்ப்பி (மார்க்கர் பேனா) எடுபடாது. இரண்டு பக்கம் வெள்ளைப் பட்டை வைத்த பந்து கடையில் கிடைக்கும், அதை வாங்கி வெள்ளையில் கறுப்பு ஷார்ப்பியால் போடச் சொல்லுங்கள். பழுப்பில்தான் வேண்டுமென்றால் வெள்ளி நிறப் பெயின்ட் பேனா. வீட்டிலேயே நன்றாகக் குலுக்கி, மை முனைக்கு வரும்வரை காகிதத்தில் அழுத்தி எடுத்து வரவேண்டும். மேசைக்கு முன்னால் நின்று குலுக்க நேரம் தரமாட்டார்கள். பந்துக்குக் காற்று முழுதாக இருக்கட்டும், தளர்ந்த பட்டையில் பேனா வழுக்கும். கையெழுத்து விழுந்ததும் ஐந்து நிமிடம் பந்தை நுனிகளில் மட்டும் பிடித்திருக்கப் பையனிடம் சொல்லுங்கள். ஜிப்லாக்கில் உடனே போட்டால் மை பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

வழக்கமாக ஆளுக்கு ஒரு பொருள்தான், எண்ணிக்கை முடிந்ததும் வரிசையை மூடிவிடுவார்கள். கோப்பைப் படம் முடிந்த கையோடு அங்கே போய் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 6: வடக்கு ஸ்பிரிங்ஸ்

கடைசி நேரத்தில் டிக்கெட் ஆசை வந்தால் ஒன்றே ஒன்று. காகித டிக்கெட் என்று வாசலில் யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். எல்லாம் போனில்தான், பார்கோடு மாறிக்கொண்டே இருக்கும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. செயலிக்குள் உங்கள் கணக்குக்கு மாற்றித் தந்தால் மட்டுமே அது டிக்கெட்.