சுஷிச் சோறு குழைகிறது, நோரி இழுக்கிறது: எதைச் சரிசெய்ய வேண்டும்?

நிஷிகசாய்வாசி: வணக்கம். டோக்கியோவில் இருக்கிறோம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். அவர் சைவம் என்பதால் வினிகர் கலந்த சோற்றில் வெள்ளரிக்காய் வைத்து, நோரி என்ற கடற்பாசித் தாளில் சுருட்டும் கப்பா மாக்கி சுஷி செய்துகொடுக்க ஆசை. ஆனால் சோறு குழைந்து, அடியில் வினிகர் தேங்கி நிற்கிறது. நோரித்தாள் கடிபடாமல் இழுக்கிறது. வெட்டினால் கத்தியோடு பிய்ந்து வருகிறது. கோஷிஹிகாரி என்ற ஜப்பானிய அரிசிதான். இரண்டு கப் அரிசிக்குக் குக்கரின் உள்பாத்திரத்தில் 2 என்ற கோடு வரை தண்ணீர் ஊற்றினேன். வெந்ததும் நன்றாக ஆறவிட்டு வினிகர் கலந்தேன். மதியம் சுருட்டி, இரவு பரிமாறினேன்.

யோகோஹாமா அடுக்களை: சோற்றைச் சரிசெய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். உள்பாத்திரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சாதாரணச் சோற்றுக்கு ஒரு வரிசை, கஞ்சிக்கு ஒரு வரிசை, பல குக்கர்களில் சுஷிக்கென்றே ஒரு வரிசை எனக் கோடுகள் இருக்கும். சுஷிக்கான 2 சற்றுக் கீழே இருக்கும். பிறகு வினிகர் சேரப்போவதால் தண்ணீரைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். கூடவே வந்த கப்பால்தான் அரிசியை அளக்க வேண்டும். அது 180 மி.லி., அரிசி ஏறக்குறைய 150 கிராம் பிடிக்கும். நம் வீட்டு டம்ளர் கணக்கு இங்கே ஒத்துவராது.

ஆறிய சோறு வினிகரை உள்ளே வாங்காது, அதனால்தான் தேங்குகிறது. இரண்டு கப் அரிசிக்கு அரிசி வினிகர் 50 மி.லி., சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி போதும். இவற்றை முன்கூட்டியே கரைத்து வையுங்கள். சோறு வெந்து பத்து நிமிடம் புழுங்கியதும், ஆவி பறக்கும்போதே அகலமான தட்டில் கொட்டி வினிகரைப் பரவலாக ஊற்றுங்கள். கிளறவே கூடாது, அகப்பையைச் சாய்த்து வெட்டுவதுபோல் இறக்கி, அடியிலிருந்து புரட்டுங்கள். வினிகர் உள்ளே போன பிறகே விசிற வேண்டும். மேலே நிற்கும் ஈரம் போய்ப் பருக்கைகள் பளபளக்கத் தொடங்கும். கைச்சூட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் மூடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், விறைத்துவிடும்.

ஒசாகா சுந்தரி: நோரிக்கு எதிரி ஈரம். இங்கே கடையில் விற்கும் ஓனிகிரி சோற்றுருண்டையைப் பார்த்திருப்பீர்கள்: சோற்றுக்கும் நோரிக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து, சாப்பிடும் நேரத்தில்தான் இரண்டையும் சேர விடுகிறார்கள். மதியம் சுருட்டி இரவு பரிமாறினால் இழுக்கத்தான் செய்யும். அடுப்புத் தணலில் சில நொடி காட்டி, மொறுமொறுப்பு வந்ததும் சுருட்டுங்கள். சுருட்டிய கையோடு அம்மாவின் தட்டில் வையுங்கள்.

கப்பா மாக்கிக்கு அரைத்தாள் போதும். பளபளப்பான பக்கம் கீழே, சொரசொரப்பான பக்கத்தில் சோறு, சுமார் 80 கிராம். எதிர்முனையில் ஒரு விரல் அகலம் காலியாக விடுங்கள். வெள்ளரியின் விதைப்பகுதியை வழித்தெடுத்து, துணியில் ஒற்றி வையுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத்துணியில் துடையுங்கள். முதலில் நடுவில் இரண்டாக வெட்டி, இரண்டையும் சேர்த்து வைத்து மும்மூன்றாக நறுக்கினால் ஆறும் ஒரே அளவாக வரும்.

நிஷிகசாய்வாசி: மிக்க நன்றி. சுஷிக்கோடு இருக்கிறது, இப்போதுதான் பார்க்கிறேன்! கடையில் கலந்தே விற்கும் சுஷி வினிகர் அம்மாவுக்கு ஆகுமா?

யோகோஹாமா அடுக்களை: எல்லாம் ஆகாது. சிலவற்றில் கட்சுவோ மீன்சாறு சேர்க்கிறார்கள். மூலப்பொருள் பட்டியலைப் படிக்காமல் வாங்காதீர்கள். வெறும் அரிசி வினிகர் வாங்கி வீட்டில் கலப்பதுதான் நிம்மதி. வேகவைத்துப் பாக்கெட்டில் விற்கும் கான்பியோ சுரைக்கீற்றிலும் மீன்சாறு இருக்கலாம்.

கோபே வாசகர்: இடையில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் சால்மன் வைக்க விரும்புகிறோம். சாதாரண மீனை வினிகரில் ஊறவைத்தால் போதுமா?

ஒசாகா சுந்தரி: போதாது. மீனில் இருக்கும் அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு வினிகருக்கும் சாகாது, வசாபிக் காரத்துக்கும் சாகாது. சமைப்பதற்கென்று விற்கும் சால்மனைப் பச்சையாகத் தொடவே வேண்டாம். சஷிமிக்கு, அதாவது பச்சையாகச் சாப்பிட, என்று எழுதியதை மட்டும் வாங்கி, அன்றே முடித்துவிடுங்கள்.