பார்னை வீடாக்க வவ்வால் சர்வே: மே மாதம் வரை காத்திருந்தே ஆக வேண்டுமா?

வை ஆற்றங்கரை:

வணக்கம். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் ஒரு பழைய பண்ணையின் ஒரு பகுதியை நானும் கணவரும் இந்த வருடம் வாங்கினோம். ஒரு கல் பார்ன் (பண்ணைக் களஞ்சியம்), அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட டச்சு பார்ன் என்ற இரும்புக் கொட்டகை. கல் பார்னை நாங்கள் குடியிருக்கும் வீடாக மாற்ற வேண்டும். உள்ளே ஓக் மரச் சட்டங்கள், மேலே சுட்ட களிமண் ஓடு. ஒரு மூலையில் நன்றாகவே ஒழுகுகிறது.

வரைபடம் எல்லாம் தயார் செய்து விண்ணப்பித்தோம். வவ்வால் அறிக்கை இல்லை என்று சொல்லி, கவுன்சில் பதிவே செய்யாமல் திருப்பி அனுப்பிவிட்டது. ஒரு சூழலியல் ஆய்வாளரை வரவழைத்தோம். பகலில் ஏணி போட்டு, டார்ச் அடித்து, மர மூட்டுகளின் இடுக்குக்குள் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தார். வைக்கோல் கட்டுகள் மேல் எச்சம் கிடந்தது. கூரை முகட்டுக்கு நேர் கீழே அந்துப்பூச்சி இறக்கைகள் சிதறிக் கிடந்தன. நீள்செவி வவ்வாலாக இருக்கலாம் என்கிறார். எச்சத்தை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். மே மாதம் தொடங்கி மூன்று அந்தி நேர சர்வே வேண்டுமாம். இப்போது அக்டோபர்!

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். குளிர்காலத்தில் வவ்வால் இருக்காது, அதற்குள் ஓட்டைப் பிரித்துவிடலாம் என்கிறார் கட்டட வேலைக்காரர். பண்ணைக் கட்டடத்தை முழு விண்ணப்பம் இல்லாமல் வீடாக்க விடும் கிளாஸ் க்யூ வழியில் போனால் வவ்வாலைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள் என்கிறார் ஒரு நண்பர். முதலில் அனுமதி வாங்கிக்கொண்டு சர்வேயைப் பிறகு செய்யலாம் என்றும் ஒருவர் சொன்னார். எங்களுக்கு வவ்வாலைத் துரத்தும் எண்ணம் துளியும் இல்லை. ஆனால் ஒரு பக்கம் வாடகை, ஒரு பக்கம் கடன். இதில் எது சரி?

அந்திப்பணி:

அக்கா, நான் சர்வே செய்யும் குழுவில் வேலை பார்க்கிறேன். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. இங்கிலாந்தில் எல்லா வவ்வால் இனங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1981 வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் ஒன்று, 2017 வாழிட விதிமுறைகள் இன்னொன்று. பாதுகாப்பு வவ்வாலுக்கு மட்டும் இல்லை, அது தங்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான். அந்த நேரத்தில் உள்ளே வவ்வால் இல்லாவிட்டாலும் தங்குமிடத்தை அழிப்பது குற்றம். "தெரியாமல் செய்துவிட்டேன்" என்பது தங்குமிட விஷயத்தில் எடுபடாது. ஆறு மாதம் வரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. 2020 டிசம்பரில் கிரீனிச்சில் வவ்வால் தங்குமிடம் இருந்த கட்டடத்தை இடித்ததற்காக ஒரு பெரிய வீடு கட்டும் நிறுவனத்துக்கு 6 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள். உங்களிடம் இப்போது எச்சம் கண்டதாக எழுத்தில் ஓர் அறிக்கை வேறு இருக்கிறது.

குளிர்காலத்தில் இருக்காது என்பதும் சரியில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை அவை உறங்கும் காலம். கல் சுவரின் பிளவிலோ மர மூட்டுக்குள்ளோ ஒன்றிரண்டு அசையாமல் கிடக்கலாம். அப்போது எழுப்பிவிட்டால் சேர்த்து வைத்த கொழுப்பை வீணாக எரித்துவிடும், வெளியே போனால் தின்னப் பூச்சியும் இருக்காது. பெண் வவ்வால் வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். ஒரு கூட்டம் அழிந்தால் மீண்டு வர வெகுகாலம் ஆகும்.

மே மாதம் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்றால், பகல் சோதனையை எந்த மாதமும் செய்யலாம், ஆனால் எந்த இனம், எத்தனை, எந்த ஓட்டை வழியாகப் போய்வருகின்றன, குட்டி வளர்க்கும் கூட்டமா என்பதெல்லாம் அவை நடமாடும் காலத்தில்தான் தெரியும். அந்தி சர்வேக்கு மே முதல் செப்டம்பர் வரை காலம், அதில் மே முதல் ஆகஸ்ட் வரைதான் நல்ல காலம். வவ்வால் இருக்க வாய்ப்பு குறைந்த கட்டடத்துக்கு ஒரு சர்வே, நடுத்தரத்துக்கு இரண்டு, அதிகம் என்றால் மூன்று. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மூன்று வார இடைவெளியாவது வேண்டும். மே நடுவில் ஆரம்பித்தால் ஜூலைக்குள் முடித்துவிடலாம்.

சூரியன் மறைவதற்குக் கால் மணி நேரம் முன்பே கட்டடத்தைச் சுற்றி ஆட்கள் நின்றுவிடுவோம். இருட்டி ஒன்றரை, இரண்டு மணி நேரம் வரை நிற்போம். பிப்பிஸ்ட்ரெல் என்ற சின்ன வவ்வால் சீக்கிரம் கிளம்பிவிடும், வவ்வால் குரலைக் கேட்க வைக்கும் டிடெக்டரில் 45 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பளிச்சென்று கேட்கும். நீள்செவி வவ்வால் நன்றாக இருட்டிய பிறகுதான் வரும், குரலும் மிக மெல்லியது. வெறும் கண்ணையும் டிடெக்டரையும் நம்பினால் தவறவிட்டுவிடுவோம். அதனால் இப்போது அகச்சிவப்பு கேமரா வைப்பது வழக்கமாகிவிட்டது. விலை கேட்கும்போது கேமரா உண்டா என்று கேளுங்கள், இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இன்னொன்று, மே மாதத் தேதிகளை இப்போதே பிடித்துவிடுங்கள். ஏப்ரலில் கூப்பிடுபவர்களுக்கு எங்களிடம் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை.

ஓட்டுக்கூரை:

கட்டட வரைபட வேலையில் இருக்கிறேன். மற்ற இரண்டு யோசனைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

அனுமதி வாங்கிய பிறகு சர்வே என்பது நடக்காது. 2005இல் வந்த அரசுச் சுற்றறிக்கை 06/2005இன் 99ஆம் பத்தி இதற்காகவே இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட உயிரினம் இருக்கிறதா, வேலையால் அதற்கு என்ன பாதிப்பு என்பது அனுமதி கொடுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், மிக விதிவிலக்கான சூழலில்தான் சர்வேயை நிபந்தனையாகத் தள்ளிவைக்கலாம் என்கிறது. உங்கள் கவுன்சில் திருப்பி அனுப்பியதில் தப்பு இல்லை. பதிவு செய்துவிட்டுப் பிறகு நிராகரிப்பதைவிட இது மேல்.

கிளாஸ் க்யூவில் முழு விண்ணப்பம் வேண்டாம், முன் ஒப்புதல் போதும், 56 நாளில் முடிவு. 2024 மே 21 முதல் பத்து வீடுகள் வரை, மொத்தம் 1,000 சதுர மீட்டர் வரை மாற்றலாம். கவுன்சில் பார்க்க வேண்டியவற்றில் சாலை, சத்தம், வெள்ளம், மண் மாசு, தோற்றம், வெளிச்சம் எல்லாம் உண்டு, வவ்வால் இல்லை. உங்கள் நண்பர் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் வாழிட விதிமுறைகள் அப்படியே இருக்கின்றன. கட்டட அனுமதி என்பது வவ்வால் தங்குமிடத்தைத் தொடும் அனுமதி ஆகாது. அதற்கு நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தரும் உரிமம் வேண்டும். அவர்கள் கேட்கும் முதல் ஆவணமே சர்வே அறிக்கைதான். ஆக, சர்வேயும் காத்திருப்பும் எப்படியும் வரும், பின்னால் வரும். அப்போது வரைபடமும் கட்டுமான ஒப்பந்தமும் முடிவாகியிருக்கும், மாற்றச் செலவு அதிகம்.

டச்சு பார்னையும் வீடாக்கும் ஆசை இருந்தால் கவனம். 2016இல் ஹிப்பிட் வழக்கில், மூன்று பக்கம் பெரும்பாலும் திறந்து கிடந்த இரும்புச் சட்டக் கட்டடத்தை வீடாக்குவது மாற்றியமைப்பு ஆகாது, புதிதாகக் கட்டுவதுதான் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வை ஆற்றங்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. கட்டட வேலைக்காரரிடம் ஓட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டச்சு பார்ன் வண்டி நிறுத்தத்தான், ஆனால் அதற்கும் சர்வே தேவையா? ஒழுகும் மூலையை இந்தக் குளிர்காலம் என்ன செய்வது? அங்கே உத்தரம் உளுத்துப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வவ்வால் இருப்பது உறுதியானால் அனுமதியே கிடைக்காமல் போய்விடுமா?

அந்திப்பணி:

ஒற்றைத் தகரம் போட்ட, காற்று வெளிச்சம் புகுந்து வரும் இரும்புக் கொட்டகையில் பெரும்பாலும் வவ்வாலுக்கு ஒதுங்க இடம் இருக்காது. பகல் சோதனையில் ஆய்வாளர் "வாய்ப்பு இல்லை" என்று எழுதினால் அதற்கு அந்தி சர்வே வேண்டாம். அறிக்கையில் அதைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

ஒழுகல் விஷயத்தில் ஆய்வாளரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். அவர் பார்த்து, வவ்வால் போய்வரும் வழி அடைபடாமல் வெளியிலிருந்து தார்ப்பாய் போடலாம் என்று எழுத்தில் சொன்னால் போடுங்கள். கீழே உத்தரத்துக்கு முட்டுக் கொடுப்பதும் அவரிடம் கேட்டபிறகுதான். வைக்கோலையும் இப்போதைக்கு அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். உள்ளே ஸ்வாலோ (தகைவிலான்) பறவையின் மண் கூடு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அவை குஞ்சு பொரிக்கும் காலத்தில் அந்தக் கூட்டைத் தொடுவதும் குற்றம். கூகை இருந்தால் இன்னும் கடுமை.

டெவன் வாசி:

தங்கச்சி, அனுமதி கிடைக்காது என்ற பயம் வேண்டாம். எங்கள் பார்னில் சிறிய குதிரைலாட வவ்வால் இனம் இருந்தது. இன்றைக்கு நாங்கள் கீழே இருக்கிறோம், அவை மேலே இருக்கின்றன.

உரிமம் தரச் சட்டப்படி மூன்று சோதனைகள் இருக்கின்றன. வேலைக்குப் பொதுநலன் சார்ந்த வலுவான காரணம் இருக்க வேண்டும், வேறு திருப்தியான வழி இல்லாமல் இருக்க வேண்டும், அந்த இனத்தின் நிலைமைக்குப் பாதிப்பு வரக்கூடாது. பாழாகிக்கொண்டிருக்கும் பழைய கட்டடத்தைக் காப்பாற்றிப் பயன்படுத்துவது என்பது முதலாவதுக்கு நல்ல பலமான வாதம். 2011இல் மோர்ஜ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் வடிவாகச் சொல்லியிருக்கிறது, உரிமம் கிடைக்க வாய்ப்பு குறைவு என்று தோன்றினால் ஒழிய, வவ்வாலைக் காரணம் காட்டி கவுன்சில் மறுக்கத் தேவையில்லை என்று.

மூன்றாவது சோதனையில்தான் உங்கள் வரைபடம் மாறும். இதை உங்கள் வரைபடக்காரரோடு இப்போதே கதைத்துவிடுங்கள். நீள்செவி வவ்வாலுக்குக் கூரைக்குள் பறந்து பழக வெளி வேண்டும், சின்னப் பெட்டி அடித்து வைத்தால் போதாது. 2.8 மீட்டர் உயரம், 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்ற அளவைக் குறிக்கோளாக வைப்பார்கள். முகடு வரை திறந்த பெரிய ஹால் என்று வரைந்திருந்தால் அதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டி வரும். உங்களுக்கு டச்சு பார்ன் பக்கத்தில் இருப்பது அதிர்ஷ்டம். அதன் ஒரு முனையில் பலகை அடைத்து வவ்வாலுக்கு மாடம் கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பிப்பிஸ்ட்ரெல் மட்டும் என்றால் ஓட்டுக்கடியில் இடுக்கு விட்டாலே போதும்.

கூரைக்குள் மாடம் வைத்தால், ஓட்டுக்கு அடியில் இப்போது எல்லோரும் போடும் மூச்சுவிடும் மெம்பிரேனை (ஈரத்தை வெளிவிடும் விரிப்பு) கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டாம். வவ்வால் உரசி உரசி அதன் இழை பிரிந்து வரும். சிலந்தி வலையில் ஈ சிக்குவதுபோல் கால் சிக்கிச் செத்துப்போகும். பழைய வகை 1எஃப் பிட்டுமன் ஃபெல்ட் (தார் ஊட்டிய விரிப்பு) போடுங்கள், அல்லது இழை பிரியாது என்று சோதித்துச் சான்று பெற்ற மெம்பிரேன் மட்டும். வெளி விளக்கு மஞ்சள் சாயலாக, 2700 கெல்வினுக்கு மேல் போகாமல், கீழ்நோக்கியே இருக்கட்டும். வவ்வால் வெளியே வரும் வாயில் பக்கமும், அது பறந்து போகும் வேலிமர வரிசைப் பக்கமும் விளக்கே வேண்டாம். குதிரைலாடமும் நீள்செவியும் வெளிச்சம் கண்டால் அந்த வழியைக் கைவிட்டுவிடும்.

வை ஆற்றங்கரை:

அண்ணா, மனம் லேசாகிவிட்டது. டிஎன்ஏ முடிவு வந்துவிட்டது, பழுப்பு நீள்செவி வவ்வால்தான். டச்சு பார்னுக்கு வாய்ப்பு இல்லை என்று ஆய்வாளர் எழுதித் தந்துவிட்டார். தார்ப்பாய்க்கும் வழி சொல்லியிருக்கிறார், முகட்டுப் பக்கம் மூடாமல். மே, ஜூன், ஜூலை மூன்றுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. மாடத்தை எங்கே வைப்பது என்று வரைபடக்காரரும் ஆய்வாளரும் சேர்ந்து உட்கார்ந்து பேசப் போகிறார்கள். ஆகஸ்டில் விண்ணப்பித்தால், அனுமதி வந்த அன்றே வேலையைத் தொடங்கலாமா?

அந்திப்பணி:

முடியாது அக்கா. அனுமதி வந்த பிறகுதான் உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியும். உரிம விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஆய்வாளர் ஒரு முறை வந்து, ஏதும் மாறவில்லை என்று பார்க்க வேண்டும். அனுமதியில் வவ்வால் சம்பந்தமான நிபந்தனை இருந்தால் அதையும் முதலில் முடித்துவிடுங்கள். எண்ணிக்கை குறைவு, குட்டி வளர்க்கும் கூட்டம் இல்லை என்று சர்வேயில் தெரிந்தால், அதற்கென்று பதிவு பெற்ற ஆய்வாளர் மூலம் எளிய வகை உரிமம் கிடைக்கும், அது சீக்கிரம் முடியும். உங்கள் ஆய்வாளர் அந்தப் பதிவு வைத்திருக்கிறாரா என்று கேட்டு வையுங்கள்.

குட்டிகள் இருந்தால் மே முதல் ஆகஸ்ட் வரை கூரையைத் தொட விடமாட்டார்கள். கடும் குளிரிலும் விடமாட்டார்கள். அதனால் ஓடு பிரிப்பதற்கு இலையுதிர் காலத்தையோ வசந்தத் தொடக்கத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஆய்வாளர் கூட நிற்க, ஓடுகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுக்க வேண்டும். கட்டட ஒப்பந்தத்தில் இந்த வாரத்தைத் தனியாக எழுதி வாங்குங்கள். மாடமோ பெட்டியோ, மாற்றிடம் ஓடு பிரிப்பதற்கு முன்பே தயாராகி இருக்க வேண்டும். டச்சு பார்ன் முனையில் கட்டுவதாக முடிவானால், முதல் தச்சு வேலை அங்கேதான்.