ஆலங்கட்டி மழைக்கு முன் கூரையில் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி:
டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் சென்ற ஆண்டு வீடு வாங்கினோம். ஷிங்கிள் (தாரும் கல்துகளும் பூசிய மெல்லிய தகடுகள்) வேய்ந்த கூரைக்கு 15 வயதாகிறது. மார்ச் முதல் ஜூன் வரை ஆலங்கட்டி மழை வலுக்கும் என்கிறார்கள். அதற்குள் என்ன செய்யவேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1:
முதலில் தரையில் நின்றே பாருங்கள். மழைநீர்க் குழாயின் வாயில் கரிய மணல்போன்ற துகள்கள் குவிந்திருந்தால், ஷிங்கிளின் மேற்பரப்பு உதிர்ந்துவருகிறது என்று பொருள். கூரையைத் துளைத்து வரும் குழாய்களைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்திருந்தால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள். நீங்களாக மேலே ஏறவே வேண்டாம்.

பதில் 2:
கூரையை மாற்றுவதாக இருந்தால், மோதலைத் தாங்குமா என்று பார்க்கும் யூ.எல். 2218 சோதனையில் மிக உயர்ந்த 4ஆம் வகுப்புப் பெற்ற ஷிங்கிளையே கேளுங்கள். 2 அங்குல இரும்புக் குண்டை ஒரே இடத்தில் இருமுறை போட்டும் விரிசல் விடாதது அது. டெக்சஸில் பல காப்பீட்டு நிறுவனங்கள் இதற்குப் பிரீமியத்தைக் குறைக்கின்றன.

பதில் 3:
கூரையைவிடக் காப்பீட்டுப் பத்திரத்தை முதலில் படியுங்கள் என்பேன். ஆலங்கட்டிக்கான டிடக்டிபிள் (இழப்பில் நாமே ஏற்கவேண்டிய பங்கு) பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதமாக இருக்கும். 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து போகும். புயலுக்கு மறுநாள் கதவைத் தட்டி, அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்திடாதீர்கள். 2019இல் வந்த டெக்சஸ் சட்டப்படி, ஒப்பந்தக்காரர் அப்படித் தள்ளுபடி செய்வது குற்றம். கூரையின் இன்றைய நிலையைத் தேதியுடன் படமெடுத்து வையுங்கள்.