சேத்துல மாட்டின கதை: ஃபோர் வீல் டிரைவ் வச்சிருக்கவங்க வாங்க

வண்டி வாங்கி மூணு மாசம் நாலு சக்கரத்தையும் இஞ்சின் சுத்த வைக்கிற அந்த ஃபோர் வீல் லிவர தொட்டதே இல்ல, தார் ரோட்டுலயே ஓட்டிக்கிட்டு மனசுக்குள்ள மட்டும் ஒரு கெத்து. போன மாசம் மழை விட்ட மறுநாள் ஒரு மண் பாதையில இறக்கினேன். பாதி தூரம் ஜம்முன்னு போச்சு, நடுவுல வழவழன்னு களிமண்ணு, வேகம் கொறஞ்சதும் பயந்துபோய் ஆக்சிலேட்டர மிதிச்சேன், அவ்ளோதான். சக்கரம் சுத்துது, வண்டி நகரல. டயர் பட்டன் பூரா சேறு அடைச்சு மொழுமொழுன்னு ஆயிடுச்சு, மிதிக்க மிதிக்க தனக்குத்தானே குழி தோண்டிக்கிட்டு கடைசியில ஆக்சில் மண்ணுல உக்காந்துடுச்சு.

கூட வந்தவன் பழைய ஜீப் ஓட்டிப் பழகினவன். இறங்கிப் பாத்துட்டு "மொதல்ல கால எடுறா"ன்னான். அப்புறம் நாலு டயர்லயும் காத்த புடுங்குறான், 34 பிஎஸ்ஐ இருந்த காத்தழுத்தம் 18க்கு வந்துடுச்சு. எனக்குன்னா வயிறு கலங்குது, பஞ்சரான மாதிரி தொப்புன்னு உக்காருது டயர். ஆனா காத்து கொறஞ்சா டயர் நீளவாக்குல தரையில அதிகமா படியும், புடி கெடைக்கிறது அதுலதான். சக்கரத்துக்கு முன்னாடி சேத்த கையாலயே அள்ளி சரிவு பண்ணி, காஞ்ச கெளைய ஒடிச்சுப் போட்டு, மெதுவா ஆனா பலமா இழுக்குற லோ ரேஞ்ச்ல ரெண்டாவது கியர் போட சொன்னான் (ஃபர்ஸ்ட்ல இழுவை ஜாஸ்தி, திரும்பவும் சுத்திடுமாம்). கிளட்ச மெல்ல விட்டேன், எருமை சேத்துலேர்ந்து எந்திரிக்கிற மாதிரி சளக்குன்னு ஒரு சத்தம், வெளிய வந்துடுச்சு.

ஒண்ணே ஒண்ணு, ரொம்ப இறக்கிடாதீங்க, 15க்கு கீழ போனா திருப்பத்துல டயர் ரிம்ம விட்டு கழண்டுக்க வாய்ப்பு இருக்கு. திரும்ப காத்து அடிக்க கம்ப்ரசரும் கையோட வேணும். எங்ககிட்ட இல்ல, ரோடு வந்தப்புறமும் மெதுவா உருட்டிக்கிட்டேதான் வந்தோம்.

*

உங்க பதிவ படிச்சேன், நான் வேற ரகம். மண் பாதை முடிஞ்சத மறந்து ஃபோர் ஹைலயே (நாலு சக்கரமும் சுத்துற சாதா வேக செட்டிங்) தார் ரோட்டுல ஏறிட்டேன். திருப்பத்துல ஸ்டியரிங் இறுகுது, அடியில டக்கு டக்குன்னு சத்தம், வண்டிய யாரோ பின்னாடி புடிச்சு இழுக்குற மாதிரி. தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடுற பார்ட் டைம் வண்டில, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃப் (டிஃபரென்ஷியல்) நடுவுல கெடையாது, திருப்பத்துல முன் சக்கரம் பின் சக்கரத்த விட கூட தூரம் ஓடணும், மண்ணுன்னா வழுக்கி சரியாயிடும், காஞ்ச ரோட்டுல அந்த முறுக்கு பூரா கியர்லயும் ஷாஃப்ட்லயும்தான் ஏறும். லிவரும் வர மாட்டேன்னுடுச்சு. நேரா கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தேன், டப்புன்னு விட்டுடுச்சு.

*

சேறு கூட பரவால்லங்க, எனக்கு பயமே தண்ணிதான். ஓடைன்னா மொதல்ல ஒரு குச்சிய ஊணிக்கிட்டு நான் நடந்து போய் பாத்துடுவேன், கூட வர்றவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும். முட்டிக்கு மேல வந்தா திரும்பிடுவேன். இஞ்சினுக்குள்ள தண்ணி போனா அத பிஸ்டனால அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும், அப்புறம் இஞ்சின பிரிக்க வேண்டியதுதான்.

இவ்ளோ உஷாரா இருந்தும் ஒரு தடவ ஏமாந்தேன். தண்ணிய சுத்தமா கடந்தாச்சு, ஒரு வாரம் கழிச்சு பாத்தா ஆக்சில்ல இருக்குற டிஃப் கியர் பெட்டியோட ஆயில் பால் ஊத்துன மாதிரி வெளுத்துக் கெடக்கு. ஓடி ஓடி சூடாயிருக்கிற டிஃப் திடீர்னு தண்ணிக்குள்ள குளிரும்போது உள்ள இருக்கிற காத்து சுருங்கி, காத்து போய் வர்ற ப்ரீதர் ஓட்டை வழியா தண்ணிய உறிஞ்சிடுது. ஆயில மாத்திட்டு ப்ரீதருக்கு நீளமா ஒரு ஹோஸ் மாட்டி பானட் உயரத்துக்கு ஏத்தி கட்டிட்டேன். அப்புறம் இந்தப் பிரச்சனையே வரல.

*

மேட்டுல பாதியில நின்னுட்டா வண்டிய திருப்பாதீங்க சாமி!! நான் திருப்பப் போய் ஒரு பக்கம் சாஞ்சுடுச்சு, மேல் பக்க சக்கரம் ரெண்டும் மண்ண விட்டு எழும்பினத கண்ணால பாத்தேன், எப்படி திரும்ப உக்காந்துச்சுன்னு இன்னிக்கும் புரியல. லோ ரேஞ்ச்ல ரிவர்ஸ் போட்டு வந்த தடத்துலயே நேரா இறங்கியிருக்கணும், கிளட்ச மிதிக்காம.

*

மொத பதிவு போட்டவன்தான். கம்ப்ரசர் வாங்கிட்டேன், ப்ரீதர் எங்க இருக்குன்னு இன்னிக்கு அடியில படுத்துப் பாக்கணும். ஜீப்காரன் மட்டும் அடுத்த ட்ரிப்புக்கு வர மாட்டேங்கிறான், பேன்ட்ல சேத்துக் கறை இன்னும் போகலையாம்.