‘ஃபைண்ட்’ என்ற சொல்லை எங்கெல்லாம் சந்தித்தீர்கள்? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வகுப்பில் அடிக்கடி வரும் சந்தேகம் இது: ஃபைண்ட், ஃபைண்ட் அவுட், டிஸ்கவர், டிடெக்ட், கம் அக்ராஸ் எல்லாவற்றுக்கும் அகராதியில் ‘கண்டுபிடி’ என்றே இருக்கிறது, எதை எங்கே சொல்வது?

ஒத்தசொல் பட்டியலை நான் கொடுப்பதே இல்லை. பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள்தான் “ஐ டிஸ்கவர்ட் மை பர்ஸ்” என்கிறார்கள். தொலைந்த பர்ஸ் கிடைத்தால் ஃபவுண்ட், அவ்வளவுதான். தேடாமலே பழைய புகைப்படம் ஒன்று கையில் அகப்பட்டால் கேம் அக்ராஸ். ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டால் ஃபவுண்ட் அவுட். இது தகவலுக்கு மட்டும். சாவிக்கும் பர்ஸுக்கும் வராது.

துணிக்கடையில் கணக்குப் பார்க்கும் என் மாணவி ஒருவரிடம் நேர்காணலில், “ஹவ் டிட் யூ ஃபைண்ட் யுவர் லாஸ்ட் ஜாப்?” என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்றும் எடுத்துக்கொள்ளலாம், அந்த வேலை எப்படி இருந்தது என்றும் எடுத்துக்கொள்ளலாம். எதைக் கேட்கிறீர்கள் என்று அவர் பணிவாகத் திருப்பிக் கேட்டார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. இந்தச் சொல் உங்கள் வேலையில், ஊரில் எப்படி எதிர்ப்பட்டது? எழுதுங்கள்.

மதுரை, வழக்கறிஞர்

எங்கள் தொழிலில் டிஸ்கவரி என்றால் புதிதாக எதையும் கண்டுபிடிப்பது இல்லை, சார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் கட்டளைக்கே அந்தப் பெயர் உண்டு. எதிர்த்தரப்பிடம் என்னென்ன ஆவணங்கள் இருக்கின்றன என்று பிரமாண வாக்குமூலத்தில் சொல்ல வைப்பது அது. ஃபைண்டிங் என்பது வேறு: வழக்கில் தீர்க்க வேண்டிய ஒவ்வொரு கேள்வியிலும் (எழுவினா என்போம்) சாட்சியத்தைப் பார்த்து நீதிபதி எடுக்கும் முடிவு.

ஆனால் ஜூனியராக இருந்தபோது என்னை உலுக்கியது சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவுதான். 1872ஆம் ஆண்டுச் சட்டம் அது. இப்போது 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் 23ஆம் பிரிவின் காப்புரையாக, அதாவது அந்தப் பிரிவுக்கான விதிவிலக்காக இருக்கிறது. போலீஸ் காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஓர் உண்மை ‘டிஸ்கவர்’ ஆனால், அதோடு நேராகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் சாட்சியமாக ஏற்கலாம். சரி, எது டிஸ்கவர் ஆகிறது? புலுக்குரி கோட்டையா வழக்கில், ஆங்கிலேயர் காலத்தில் நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்னதை (1947ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் இருக்கிறது) என் சீனியர் மேசையில் விரித்து வைத்துப் படிக்கச் சொன்னார். “என் வீட்டுக் கூரையில் ஒளித்த கத்தியை எடுத்துத் தருகிறேன்” என்று ஒருவர் சொல்கிறார். அதனால் கத்தி டிஸ்கவர் ஆவதில்லை. கத்தி என்ற பொருளை உலகம் அறிந்து பல காலம் ஆயிற்று. அது இவர் வீட்டில் ஒளிந்திருப்பதும், அது இவருக்குத் தெரியும் என்பதும்தான் டிஸ்கவர் ஆகிறது. “அதை வைத்துத்தான் குத்தினேன்” என்று கூடவே சொல்லியிருந்தால் அந்த வாசகம் சாட்சியத்தில் நிற்காது. ஒரு சொல்லை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் ஒரு மனிதரின் விடுதலையே தொங்குகிறது. அதனால்தான் அகராதிப் பொருளோடு நின்றுவிடாதீர்கள் என்று என்னிடம் வரும் ஜூனியர்களிடம் கெஞ்சுகிறேன்.

திருச்சி, ஸ்கேன் சென்டர் பணியாளர்

ரிப்போர்ட்டில் ‘ஃபைண்டிங்ஸ்’ என்ற தலைப்பைப் பார்த்ததுமே பலருக்கு முகம் வாடிவிடும். என்னவோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். படத்தில் டாக்டர் கண்டதையெல்லாம் எழுதும் பகுதி அது. கல்லீரல் இயல்பாக இருக்கிறது என்பதும் அதில்தான் வரும். மொத்தத்தில் என்ன நினைக்கிறார் என்பதைக் கீழே ‘இம்ப்ரெஷன்’ பகுதியில் பார்க்க வேண்டும்.

‘இன்சிடென்டல் ஃபைண்டிங்’ என்ற வரியைப் பார்த்து ஓர் அம்மா அழுதேவிட்டார். சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுக்க வந்தவர். எதற்காக ஸ்கேன் எடுத்தோமோ அதோடு சம்பந்தமில்லாமல் தற்செயலாகக் கண்ணில் பட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். பெரும்பாலும் ஆபத்தில்லாததாக இருக்கும், சில சமயம் தொடர்ந்து கவனிக்க வேண்டியதாகவும் இருக்கும். எதுவானாலும் டாக்டரிடம் கேளுங்கள் அம்மா, செல்போனில் தேடாதீர்கள் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

ஓசூர், மருந்துத் துறை

வழக்கறிஞர் அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூட்ரானை 1932இல் சாட்விக் கண்டுபிடித்தார் என்கிறோம், தொலைபேசியை பெல் கண்டுபிடித்தார் என்றும் சொல்கிறோம். முதலாவது ஏற்கெனவே இருந்ததைக் கண்டறிவது, டிஸ்கவரி; இரண்டாவது இல்லாததைப் புதிதாக உருவாக்குவது, இன்வென்ஷன். பள்ளிப் பரீட்சையில் இது இரண்டு மதிப்பெண் கேள்வி. எங்கள் வேலையில் கோடிக்கணக்கான பணமும் நோயாளிகளின் உயிரும் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வெறும் டிஸ்கவரிக்குக் காப்புரிமை கிடையாது என்கிறது. தெரிந்த மருந்தின் புதிய வடிவத்தைக் கண்டறிந்தாலும், அதனால் மருந்தின் பலன் கூடவில்லை என்றால் அதுவும் இன்வென்ஷன் ஆகாது. நோவார்டிஸ் நிறுவனத்தின் ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் இந்த விதியை வைத்துத்தான் காப்புரிமையை மறுத்தது. அந்தத் தீர்ப்பை இன்றும் எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன்.

லண்டன், செவிலியர்

இங்கே ரயிலில் பையை விட்டுவிட்டால் ‘லாஸ்ட் ப்ராப்பர்ட்டி’ அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்றாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் பலகையில் அப்படித் தேடினால் கண்ணில் படாமல் போகலாம். அப்புறம், வார்டில் யாராவது “ஹவ் ஆர் யூ ஃபைண்டிங் இட்?” என்று கேட்டால் எதையும் தேடித்தரச் சொல்லவில்லை. வேலை பழகிவிட்டதா என்று அன்பாக விசாரிக்கிறார்கள். புதிதாக வரும் தங்கைகளுக்காக எழுதுகிறேன்: “கெட்டிங் தேர், தேங்க் யூ” (மெல்லப் பழகி வருகிறேன், நன்றி) என்றால் போதும். கஷ்டம் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.