இண்டஸ்ட்ரியல் சிம்பயோசிஸ்: ‘மிச்சமாற்று’ சரியாக வருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் ஆலையில் மீந்ததை இன்னோர் ஆலை தன் வேலைக்கு எடுத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘இண்டஸ்ட்ரியல் சிம்பயோசிஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடி நம் கலைச்சொல் குழுவில் நடக்கும் இந்த இழையை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: தொழிலகக் கூட்டுயிர் வாழ்வு, ஆலைக் கூட்டுறவு, கழிவுப் பரிமாற்றம், கொண்டுகொடுப்பு. நான் ஒரு சர்க்கரை ஆலையில் பதினான்கு வருடம் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவன். இந்தச் சொல் சுட்டும் காரியத்தை, அதற்கு ஒரு பெயர் இருப்பதே தெரியாமல், தினமும் செய்துகொண்டிருந்தோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லுக்குப் போகும் முன் பொருளைப் பார்த்துவிடலாம். கோபன்ஹேகனுக்கு மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் கலுண்ட்போர்க் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். 1961-ல் அங்கே வந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காக, நிலத்தடி நீரைத் தொடாமல், டிஸ்ஸோ ஏரியிலிருந்து குழாய் போட்டார்கள். குழாய் போட்டது நகராட்சி, பணம் கொடுத்தது ஆலை. 1972-ல் ஜிப்சம் பலகை செய்யும் ஆலை ஒன்று வந்தது. சுத்திகரிப்பு ஆலை வீணாகக் கொளுத்திக்கொண்டிருந்த வாயுவை அது அடுப்புக்கு வாங்கிக்கொண்டது. 1976 முதல் இன்சுலினும் நொதிகளும் செய்யும் ஆலையின் கசடு சுற்றியிருந்த வயல்களுக்கு எருவாகப் போனது. 1980-களின் தொடக்கத்தில் அஸ்நெஸ் அனல்மின் நிலையத்தின் வெப்பம் ஊர் வீடுகளுக்குப் போனது, ஆவி அக்கம்பக்கத்து ஆலைகளுக்குப் போனது. 1993-ல் மின் நிலையம் தன் புகையிலிருந்த கந்தகத்தைச் சுண்ணாம்பால் பிடிக்கத் தொடங்கியது. அப்படிப் பிடித்தால் கிடைப்பது ஜிப்சம். பலகை ஆலை அதுவரை ஸ்பெயினிலிருந்து கப்பலில் ஜிப்சம் தருவித்துக்கொண்டிருந்தது. அதன் பெரும்பகுதி அதற்குப் பிறகு பக்கத்து மதிலுக்கு அப்பாலிருந்தே வந்தது.

இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு வரையவில்லை. ஒவ்வொன்றும் இரண்டு பேர் தனியே பேசி, இரண்டு பேருக்கும் லாபம் என்று தெரிந்து, எழுதிக்கொண்ட ஒப்பந்தம். ஊர் சின்னது, மேலாளர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஏறக்குறைய முப்பது வருடம் இப்படி நடந்த பிறகு, 1980-களின் கடைசியில்தான் ‘சிம்பயோசிஸ்’ என்ற பெயரை அந்த ஊரில் வைத்தார்கள். செய்கை முன்னால், சொல் பின்னால். நமக்கும் அந்த வரிசைதான் உதவும் என்பது என் எண்ணம்.

இனி வந்த சொற்கள் ஒவ்வொன்றாக.

‘தொழிலகக் கூட்டுயிர் வாழ்வு’ என்று தொடங்கிவைத்த ஆசிரியர் ஐயா, உயிரியல் பாடநூலில் இருக்கும் கூட்டுயிர் வாழ்க்கையை அப்படியே நீட்டலாம் என்கிறார். பயறுச் செடியின் வேர் முடிச்சிலிருந்து எடுத்த உவமைதானே, இங்கேயும் பொருந்தும் என்பது அவர் வாதம். ஐயா, இதில் எனக்கு இரண்டு தடை. ஒன்று, 1870-களின் இறுதியில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜெர்மானியத் தாவரவியலாளர் அன்டன் டி பாரி, வேறுவேறான உயிர்கள் சேர்ந்து வாழ்வதை எல்லாம் அதில் அடக்கினார். ஒட்டுண்ணியும் அவர் கணக்கில் சிம்பயோசிஸ்தான். ‘இருவருக்கும் நன்மை’ என்பது பின்னால் பொதுவழக்கில் குறுகிய பொருள். நாம் சொல்லவருவதோ முழுக்க முழுக்க இருவருக்கும் ஆதாயம். இரண்டாவது, ஆலைக்கு உயிர் கிடையாது. ஆங்கிலத்தில் அது உவமை என்று படிப்பவருக்கு உடனே புரியும். தமிழில் ‘உயிர்’ வெளிப்படையாக நிற்பதால் நுண்ணுயிரிகளை வைத்துச் செய்யும் தொழில் என்று தோன்றிவிடுகிறது. என் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். “சாண எரிவாயுவாப்பா?” என்று கேட்டாள்.

‘ஆலைக் கூட்டுறவு’ பற்றி நிறைய சொல்லவேண்டியதில்லை. நம் ஊரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை என்று பெயர்ப்பலகையே இருக்கிறது. கூட்டுறவு என்றால் சங்கம், உறுப்பினர், பங்குத்தொகை. இதை விட்டுவிடலாம்.

‘கழிவுப் பரிமாற்றம்’ என்பதை எழுதிய தங்கை சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கிறார். “நடப்பது அதுதானே, நேராகச் சொல்வோம்” என்கிறார். எளிமையைத் தேடும் அவர் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அம்மா, அந்த முதல் சொல்தான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. பாய்லர் பக்கத்தில் சக்கையை யாரும் கழிவு என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு டன் கரும்பை ஆட்டினால் ஏறக்குறைய 300 கிலோ சக்கை வரும், அதில் பாதி ஈரம். சர்க்கரை எடுத்த பின் மீந்த பாகான மொலாசஸ் 40 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அப்புறம் சாற்றை வடிகட்டும்போது தங்கும் சேறு, பிரஸ்மட். மூன்றுக்கும் பெயர் உண்டு, விலை உண்டு, வாங்க வருகிற ஆள் உண்டு. அரிசி ஆலைக்காரர் தவிட்டைக் கழிவு என்பாரா? செக்குக்காரர் பிண்ணாக்கை? பெயர் இருக்கிறவரை அது பண்டம். பெயர் போய் ‘கழிவு’ என்று ஆனதும் குழி தோண்டும் யோசனைதான் முதலில் வரும்.

இது சட்டத்திலும் உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டுக் கழிவு நெறிமுறையில், ஒரு பொருள் எப்போது கழிவு ஆகாமல் உபபொருள் ஆகும் என்று சொல்லவே தனியாக ஒரு பிரிவு, ஐந்தாம் பிரிவு, இருக்கிறது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி, ஓர் ஆலையின் அபாயகரக் கழிவை இன்னோர் ஆலை மூலப்பொருளாக எடுக்க வேண்டுமானால் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த எச்சரிக்கை தேவைதான், அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் எந்தப் பெட்டிக்குள் ஒரு பொருளைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் கதியே மாறுகிறது. கலைச்சொல் அமைக்கும் நாமே எல்லாவற்றையும் கழிவுப் பெட்டியில் போட்டுவிட வேண்டாம்.

இப்போது ‘கொண்டுகொடுப்பு’. இதை அனுப்பியவர் யாழ்ப்பாணத்து அண்ணர். “பெண் கொண்டும் கொடுத்தும் உறவாடுவது போல ஆலைகளும்” என்று அவர் எழுதியதைப் படித்துவிட்டு அன்று இரவு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அழகான சொல். மதில் ஒட்டிய இரண்டு ஆலைகளைச் சம்பந்திகள் என்று நினைத்துப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. ஆனாலும் அண்ணா, கொண்டுகொடுத்தல் நம் ஊர்களில் யாருக்குள் நடக்கிறது? தன் சாதி, தன் சனம் என்ற வட்டத்துக்குள். நாம் பெயர் தேடும் இந்தக் காரியமோ வேறுவேறு இனங்களுக்கு இடையில் நடந்தால்தான் நடக்கும். இரண்டு சர்க்கரை ஆலைகள் தங்களுக்குள் சக்கை மாற்றிக்கொண்டு ஒரு பயனும் இல்லை. சர்க்கரை ஆலைக்கும் காகித ஆலைக்கும் இடையில் என்றால் பயன் உண்டு. அறுவடை முடிந்த வயலில் கிடை போடுகிறார்களே, அதுபோல. ஆடு வளர்ப்பவரும் நெல் விளைப்பவரும் வேறுவேறு தொழில்காரர்களாக இருப்பதால்தான் ஆட்டுக்கு மேய நெல் தாளும் வயலுக்குப் புழுக்கையும் கிடைக்கின்றன.

இந்தத் துறை ஆய்வாளர், யேல் பல்கலைக்கழகத்தின் மரியன் செர்டோ 2007-ல் வைத்த அளவுகோலும் இதைத்தான் சொல்கிறது. குறைந்தது மூன்று வெவ்வேறு நிறுவனங்கள், அவற்றுக்கிடையே குறைந்தது இரண்டு வெவ்வேறு வளங்கள், அந்த நிறுவனங்களில் எதுவும் மறுசுழற்சியையே முதன்மைத் தொழிலாகக் கொண்டிருக்கக் கூடாது. திருப்பூரில் பனியன் வேஸ்ட் வாங்கி விற்பது பெரிய வியாபாரம். ஆனால் ஒரு வியாபாரி மட்டும் நடுவில் நின்று வாங்கி விற்றால் இந்தக் கணக்கில் அது சேராது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றையும் வைத்துக்கொள்வோம், சொல்லைச் சோதிக்க உதவும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980-களின் நடுவிலிருந்து கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறது. இதில் உள்ள சிக்கல் வெளியாருக்குச் சட்டென்று தெரியாது. சர்க்கரை ஆலை தன் சக்கையைத் தானே எரித்துத்தான் ஆவி எடுக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் பாய்லருக்கு என்ன போடுவது? அதனால் காகித நிறுவனம் சக்கைக்கு ஈடாக எரிபொருளுக்கோ ஆவிக்கோ ஏற்பாடு செய்து கொடுக்கிறது. சக்கை போகிறது, நிலக்கரி வருகிறது. காகித ஆலையில் சுத்திகரித்த நீர் சுற்றுவட்டார நிலங்களுக்குப் பாசனமாகப் போகிறது, அதில் கரும்பும் விளைகிறது. சுண்ணாம்புச் சேற்றையும் சாம்பலையும் வைத்து அந்த நிறுவனம் சிமென்ட் செய்கிறது. இந்தக் கடைசி வேலை ஒரே நிறுவனத்துக்குள் நடப்பதால் செர்டோ கணக்கில் வராது, முந்தைய இரண்டும் வரும்.

சக்கைக்கு நிலக்கரி. இதை என்ன சொல்வோம்? பள்ளிக்கூடத்தில் படித்த சொல்தான், பண்டமாற்று. அங்கிருந்து ஒரே ஒரு எட்டு வைத்தால் என் முன்மொழிவு வந்துவிடுகிறது: மிச்சமாற்று. பண்டம் சேர்ந்து பண்டமாற்று ஆனது போலவே மிச்சம் சேர்ந்து மிச்சமாற்று. சந்தியில் தகராறு இல்லை. முழுச் சொல் வேண்டுமென்றால் ‘ஆலை மிச்சமாற்று’.

மிச்சம் என்பதை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மிகு, மிஞ்சு, மிச்சம் எல்லாம் ஒரே வேர். சோறு மிச்சம் இருக்கிறது என்றால் மீந்தது. மாசம் நாலு காசு மிச்சம் பிடிக்கிறான் என்றால் சேமிப்பு. “உனக்கு என்னய்யா மிச்சம்?” என்று கேட்டால் ஆதாயம். மீந்தது, சேமித்தது, ஆதாயம் மூன்றும் ஒரே சொல்லில் இருக்கின்றன, கலுண்ட்போர்க்கில் நடந்ததும் இந்த மூன்றும்தான். மலையாளத்தில் நிலச் சீர்திருத்தத்தின்போது வரம்புக்கு மேற்பட்ட நிலத்தை ‘மிச்சபூமி’ என்றார்கள், அங்கேயும் அது இழிவுச் சொல்லாக இல்லை.

‘எச்சம்’ ஏன் கூடாது என்று ஒருவர் கேட்கலாம். பறவை எச்சமும் எச்சிலும் உடனே நினைவுக்கு வரும். ‘உபரி’? உபரி நீர், உபரி மின்சாரம் என்னும்போது அதே பொருள் தேவைக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். சக்கை உபரிக் கரும்பு இல்லையே. ஒரு வேலை முடிந்த பின் வேறு உருவில் மீந்து நிற்பது அது. அதற்கு மிச்சம்தான் பொருந்தும்.

சொல் பெருகுமா என்றும் பார்த்தேன். மிச்சமாற்று ஒப்பந்தம், மிச்சமாற்று வலையமைப்பு, மிச்சமாற்றுத் தொழிற்பேட்டை, வெப்ப மிச்சமாற்று, நீர் மிச்சமாற்று. எதுவும் நாக்கில் இடறவில்லை.

வரப்போகும் தடைகளில் இரண்டு எனக்கே தெரிகின்றன. ஆலைகள் சேர்ந்து ஒரு வசதியைப் பொதுவில் வைத்துக்கொள்வதும் இந்தக் கருத்தில் அடக்கம். டிஸ்ஸோ ஏரிக் குழாய் மிச்சம் இல்லையே என்பது ஒன்று. சரிதான். ஆனால் அந்த ஏரி நீரே பின்னால் 1987-ல் சுத்திகரிப்பு ஆலையில் குளிர்விப்பு வேலை முடித்து மின் நிலையத்துக்குப் போனது, அப்போது அது மிச்சம். மற்றபடி பொது வசதிகளுக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. பொது சுத்திகரிப்பு நிலையம் என்று சாயப்பட்டறை ஊர்களில் எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்றவேண்டியதில்லை.

இன்னொரு தடை கனமானது, இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. மாற்று என்பது கொடுத்து வாங்கியதோடு முடிந்துவிடும். ‘கூட்டுயிர்’ என்னும்போது ஒருவரை ஒருவர் சார்ந்திருப்பது தெரிகிறது, ஒன்று விழுந்தால் மற்றதும் ஆடும் என்பதும் தெரிகிறது. அஸ்நெஸ் நிலையம் 2020 வாக்கில் நிலக்கரியை விட்டு மரச்சில்லுக்கு மாறியது. காற்றுக்கு நல்ல செய்தி. ஆனால் நிலக்கரி இல்லையென்றால் கந்தகம் இல்லை, கந்தகம் இல்லையென்றால் அந்த ஜிப்சமும் இல்லை. என் ஆலையிலும் மழை பொய்த்து கரும்பு வராத வருடம் சக்கையை எதிர்பார்த்திருந்தவர்கள் எல்லாரும் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சார்பை மிச்சமாற்று காட்டவில்லை. ஆசிரியர் ஐயா இதைச் சுட்டினால் நான் ஒப்புக்கொள்வேன். ‘மிச்சமாற்று உறவு’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதுமா என்பதை அவரும் மற்றவர்களும் சொல்லவேண்டும்.

நேற்று பழைய ஆலை நண்பர்கள் மூன்று பேரை டீக்கடையில் பார்த்தேன். விளக்கம் ஒன்றும் சொல்லாமல், மிச்சமாற்று என்றால் என்ன என்று தோன்றுகிறது என்று மட்டும் கேட்டேன். ஒருவர் டம்ளரை ஆற்றிக்கொண்டே, “சக்கையக் குடுத்துட்டு கரி வாங்குனமே, அதா?” என்றார். ‘கூட்டுயிர் வாழ்வு’ என்றும் கேட்டேன். கோழிப்பண்ணையா என்றார்.

நம் கலைச்சொல் தொகுப்பில் சேர்ப்பதாக இருந்தால் இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன், திருத்திக் கொடுங்கள்:

ஆலை மிச்சமாற்று – பெயர்ச்சொல். அருகருகே உள்ள வெவ்வேறு வகைத் தொழில்கள், தம் வேலையில் மிஞ்சும் பொருள், நீர், வெப்பம், ஆவி ஆகியவற்றை ஒன்றுக்கொன்று மூலப்பொருளாகவோ எரிபொருளாகவோ கொடுத்து வாங்கி, இரு பக்கமும் பயனடையும் தொடர் ஏற்பாடு.

‘அருகருகே’ இருக்கத்தான் வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம். ஆவியைக் குழாயில் வெகுதூரம் கொண்டுபோக முடியாது, சக்கை லாரியில் ஊர் விட்டு ஊர் போகிறது. இதைப் பற்றி லாரி வாடகைக் கணக்கு தெரிந்த யாராவது எழுதினால் அந்தச் சொல்லை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யலாம்.

அன்புடன்,
ஒரு பழைய பாய்லர்காரன்